கைபடாத நிலம் யாருடைய நினைவு? அமெரிக்கப் புனைவில் பசுமையும் இழந்த இலட்சியமும்

தொடுவானம் எழுதியது:

அமெரிக்க நாவல்களைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வியை முன்வைக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். மனிதக் கை படாத நிலம் என்ற படிமம் அந்த இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அது வரும் இடங்களிலெல்லாம் ஏதோ ஓர் இலட்சியம் தொலைந்துபோன செய்தியும் உடன் வருகிறது. நிலம் தூய்மையாக இருந்தவரை இலட்சியமும் தூய்மையாக இருந்தது, நிலம் கெட்டபோது அதுவும் கெட்டது என்பதே பாடநூல்கள் தரும் விளக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. நிலம் தூய்மையாக இருந்த அந்தக் காலம் கதைக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலான நாவல்களில் இழப்பு நேர்ந்த பிறகுதான் அது தோன்றுகிறது. திரும்பிப் பார்ப்பவரின் கண்ணில்தான் அந்த நிலம் உருவாகிறது.

எல்லோரும் அறிந்த உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 1925இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் கடைசிப் பக்கங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்ஸ்பி கொல்லப்பட்டுவிட்டான். அவன் வீட்டு விருந்துகளில் குடித்துக் களித்தவர்கள் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரவு கதைசொல்லியான நிக் அந்த வெறிச்சோடிய மாளிகைக்குப் போகிறான். வெள்ளைப் படிக்கட்டில் எவனோ ஒரு சிறுவன் செங்கல் துண்டால் கிறுக்கி வைத்திருந்த ஆபாசச் சொல்லைக் காலணியால் தேய்த்து அழிக்கிறான். பிறகு கடற்கரைக்கு இறங்கி மணலில் சாய்கிறான். நிலவு மேலேறும்போது மாளிகைகள் ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து கரைந்துபோக, டச்சு மாலுமிகளின் கண்களுக்கு ஒருகாலத்தில் மலர்ந்த பழைய தீவு அவன்முன் எழுகிறது. முதலில் ஒன்றை அழிக்கிறான், அதன் பிறகே அந்தப் பசுமை அவனுக்குத் தெரிகிறது. இந்த வரிசையை ஃபிட்ஸ்ஜெரால்ட் தற்செயலாக அமைத்தார் என்று நான் நினைக்கவில்லை.

அந்த மாலுமிகள் உண்மையில் என்ன பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. 1609இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஹென்றி ஹட்சன் செலுத்திவந்த கப்பலில் இருந்த ராபர்ட் ஜூவெட் நாட்குறிப்பு எழுதிவந்தார். இன்றைய நியூயார்க் துறைமுகத்தின் வாயிலை நெருங்கிய நாட்களில், அந்நாட்டு மக்கள் கப்பலுக்கு வந்து பச்சைப் புகையிலை கொடுத்துக் கத்திகளும் மணிகளும் வாங்கிக்கொண்டதை அவர் குறித்திருக்கிறார். ஓரிரு நாளில் நடந்த மோதலில் ஜான் கோல்மன் என்ற மாலுமி அம்பு பட்டு இறந்ததும் அதில் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருந்தார்கள், வணிகம் இருந்தது, சண்டையும் இருந்தது. நாவலின் கடைசிப் பக்கத்தில் மரங்கள் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே என் கேள்வி இதுதான். நிலத்தின் மீது ஏற்றப்படும் இந்தத் தூய்மை, இழந்த இலட்சியத்துக்காக வருந்துவதற்கு உதவுகிறதா, அல்லது அதை யார் எப்படி இழக்கச் செய்தார்கள் என்று கேட்காமலிருக்க உதவுகிறதா? இரண்டாவதே மிகுதி என்பது என் கருத்து.

---

செம்புல் எழுதியது:

தொடுவானம் அவர்களின் கேள்வி முக்கியமானது. ஆனால் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அதில் முழு நியாயம் கிடைக்கவில்லை என்று எண்ணுகிறேன். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தனியே எடுத்து வாசித்தால் நீங்கள் சொல்வதுபோல் தோன்றலாம். ஆனால் நாவலின் நடுவில் சாம்பல் பள்ளத்தாக்கு கிடக்கிறது. செல்வர் வாழும் வெஸ்ட் எக்கிலிருந்து நியூயார்க் போகிறவர் எவரானாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே சாம்பல் கோதுமைபோல் விளைகிறது, மேடுகளாகவும் தோட்டங்களாகவும் உருக்கொள்கிறது. விவசாய நிலத்தின் எல்லா வடிவங்களையும் ஆசிரியர் அந்தக் குப்பைமேட்டுக்குக் கொடுத்திருக்கிறார். குயின்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் நகரத்து அடுப்புச் சாம்பலைக் கொட்டிவந்த உண்மையான மேடுகள்தான் அதற்கு மாதிரி. 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி அந்த இடத்தைச் சமன்படுத்தித்தான் நடத்தப்பட்டது. பசுமையின் விலை என்ன, அந்த விலையை எந்த ஊர் கொடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாவல் எப்படிச் சொல்லும்?

டான் கோடியையும் மறந்துவிடக் கூடாது. வடக்கு டகோட்டாவின் ஏழைக் குடியானவர் மகனான ஜேம்ஸ் கேட்ஸ், பதினேழு வயதில் சுப்பீரியர் ஏரிக்கரையில் தன் பெயரைக் கேட்ஸ்பி என்று மாற்றிக்கொண்டு, தன்னை வார்த்தெடுக்கப்போகும் அந்த மனிதனிடம் போய்ச் சேருகிறான். கோடி யார்? நெவாடாவின் வெள்ளி வயல்களிலும் யூக்கனிலும் பூமியைத் தோண்டிப் பணம் குவித்தவன். எல்லைப்புற நாயகனாக ஊர் கொண்டாடிய ஒருவன், மதுவில் ஊறிய கிழவனாக உல்லாசப் படகில் உட்கார்ந்திருக்கிறான். கேட்ஸ்பியின் இலட்சியம் கைபடாத நிலத்திலிருந்து வரவில்லை, தோண்டித் தீர்க்கப்பட்ட நிலத்திலிருந்துதான் வருகிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். நிக்குக்குத்தான் அது தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. கதைசொல்லியின் ஏக்கத்தை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இங்கே வில்லா கேதரையும் சேர்த்துப் பேச விரும்புகிறேன். 1918இல் வந்த 'மை ஆன்டோனியா' எனக்கு மிகவும் நெருக்கமான நாவல். அதில் பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய ஷிமெர்டா, முதல் குளிர்காலத்தைத் தாங்க முடியாமல் தற்கொலை செய்துகொள்கிறார். தேவாலயக் கல்லறைகளில் இடம் கிடைக்காததால் அவருடைய சொந்த நிலத்தின் தென்மேற்கு மூலையில் புதைக்கிறார்கள். அது எதிர்காலத்தில் இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டப்போகும் இடம். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் மேற்கு நிலங்களை 640 ஏக்கர் சதுரங்களாக அளந்து கோடு கிழித்தது. நெப்ராஸ்காவின் சாலைகள் அந்தக் கோடுகளின் மேலேயே போடப்பட்டன. ஆனால் பின்னாளில் சாலை வந்தபோது, கல்லறையைத் தொடாமல் ஒன்று சற்று கிழக்கே வளைகிறது, மற்றொன்று சற்று தெற்கே வளைகிறது. சுற்றியிருந்த சமவெளி முழுவதும் உழப்பட்ட பிறகும், அந்தச் சிறு திட்டில் மட்டும் வெட்டப்படாத செம்புல் உயரமாக நின்றுகொண்டிருக்கிறது. இந்த இழையில் நான் வைத்துக்கொண்ட பெயரும் அங்கிருந்து எடுத்ததுதான்.

அந்தப் புல்லைக் காப்பாற்றியது ஓர் ஏழைக் குடியேறியின் மரணம். கைபடாத நிலம் இந்த நாவலில் ஏதேன் தோட்டமாக வரவில்லை. அளவைக் கோட்டைக் கொஞ்சம் வளையச் செய்த மனித இரக்கத்தின் மிச்சமாக வருகிறது. இதையும் கேள்வி கேட்காமலிருப்பதற்கான வழி என்று சொல்ல முடியுமா?

---

கல்மரம் எழுதியது:

செம்புல் அவர்கள் சொன்ன கல்லறைக் காட்சி உண்மையிலேயே மகத்தானது. ஆனால் அதே நாவலில் இன்னோர் இடமும் உண்டு. முதல் பனி விழுந்த அன்று, கதைசொல்லியான சிறுவன் ஜிம்மின் வீட்டுக்கு அருகிலுள்ள சரிவில் ஒரு பெரிய வட்டம் வெண்மையாகத் துலங்குகிறது. முன்னாளில் பூர்வகுடி இந்தியர்கள் குதிரை ஓட்டிய தடம் அது. பண்ணையாட்கள் அங்கே கைதிகளைக் கம்பத்தில் கட்டிச் சித்திரவதை செய்திருப்பார்கள் என்கிறார்கள். தாத்தா, குதிரைப் பந்தயமோ பயிற்சியோ நடந்திருக்கும் என்கிறார். சிறுவன் ஜிம் அந்த வட்டத்தைப் பார்த்துக் குளிர்காலத்துக்கு நல்ல சகுனம் என்று மகிழ்ந்துகொள்கிறான். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குதிரை ஓட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பவ்னீ என்ற பூர்வகுடி மக்கள் நெப்ராஸ்காவிலிருந்து தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனது 1870களின் நடுவில். கேதரின் குடும்பம் வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்தது 1883இல். பத்தாண்டுகூட முழுதாகக் கழியவில்லை. நாவலில் வேறோரிடத்தில், ஆற்றங்கரையில் அமர்ந்து பழைய கதை பேசும் ஜிம், ஸ்பானியத் தளபதி கொரொனாடோ அவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடும் என்றும், ஒரு விவசாயி ஸ்பானிய வாளொன்றைக் கண்டெடுத்தான் என்றும் சொல்லி மெய்சிலிர்க்கிறான். அதன் பிறகே அஸ்தமனச் சூரியனின் வட்டத்துக்குள் கலப்பை ஒன்று மாபெரும் உருவாகத் தெரியும் புகழ்பெற்ற காட்சி வருகிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய வாள் நினைவில் இருக்கிறது, பத்தாண்டுக்கு முந்தைய அயலார் நினைவில் இல்லை. கேதரின் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் தொடுவானம் அவர்கள் கேட்ட கேள்விக்கு இது நேரடியான சான்று.

கேட்ஸ்பிக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், 1823இல், ஃபெனிமோர் கூப்பர் எழுதிய 'தி பயனியர்ஸ்' நாவலிலேயே இந்த வகைக் கதையின் முழு அச்சும் இருக்கிறது. கதை நடப்பது 1793இல், நியூயார்க் மாநிலத்தின் ஒட்சிகோ ஏரிக்கரையில். கூப்பரின் தந்தையே அங்கு நகரம் அமைத்தவர். அதில் புறாவேட்டைக் காட்சி ஒன்று உண்டு. வானத்தை மறைத்துக்கொண்டு வலசை வரும் புறாக் கூட்டத்தை ஊரே திரண்டு சுடுகிறது. போதாதென்று பழைய சிறு பீரங்கி ஒன்றை இழுத்துவந்து அதில் ஈயக் குண்டுகளைத் திணித்துச் சுடுகிறார்கள். செத்து விழுந்தவற்றைப் பொறுக்கக்கூட ஆளில்லை. கிழவேட்டைக்காரன் நேட்டி பம்போ தனக்கு வேண்டிய ஒரே ஒரு புறாவைச் சுட்டு எடுத்துக்கொண்டு, இந்த வீணடிப்பைச் சபித்துவிட்டு நகர்கிறான். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியில் இறந்தது. கூப்பர் காட்டிய அழிவு நிஜத்தில் முடிய 91 ஆண்டுகள் ஆயின.

அந்த நாவலில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த நிலம் நியாயப்படி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கூப்பர் துணிந்து எழுப்புகிறார். ஆலிவர் எட்வர்ட்ஸ் என்ற இளைஞனுக்கு டெலவேர் இந்தியர்களின் வழியில் அதில் உரிமை உண்டு என்று நம்ப வைக்கிறார். இறுதியில் அவன் வெள்ளையன்தான், தத்தெடுப்பின் மூலமே அந்தக் குலத்தோடு தொடர்புடையவன் என்று தெரிகிறது. அந்த நிலத்தை வைத்திருக்கும் நீதிபதியின் மகளை மணந்துகொள்கிறான், வழக்கு தீர்ந்துவிடுகிறது. உண்மையான உரிமையாளர்களின் கடைசி ஆளாகக் காட்டப்படும் சிங்காச்கூக், குடிக்கு அடிமையாகி, ஜான் என்ற கிறித்தவப் பெயரோடு ஊர் ஓரத்தில் வாழ்ந்து, காட்டுத்தீயில் பட்டு இறக்கிறான். காடு அழிவதற்காகக் கண்ணீர் விடும் நாவல், காட்டின் வழக்கைக் கல்யாணத்தில் முடித்துவைக்கிறது.

---

தொடுவானம் எழுதியது:

கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு என்று செம்புல் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். சாம்பல் பள்ளத்தாக்கு பற்றிச் சொன்னதும் சரியே. இருந்தாலும், வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்வது அந்தச் சாம்பலை அல்ல, அந்தப் பசுமையைத்தான். ஒரு படிமம் நாவலிலிருந்து பிரிந்து தனியே உலவத் தொடங்கும்போது என்ன செய்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்த நாவலாசிரியர் என்று நான் மதிப்பது வில்லியம் ஃபாக்னரை. 1942இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' நூலின் மையத்தில் 'கரடி' என்ற நெடுங்கதை இருக்கிறது. ஐக் மெக்காஸ்லின் என்ற சிறுவன் மிசிசிப்பியின் பெருங்காட்டில் பழைய பென் என்னும் கரடியைப் பார்க்க விரும்புகிறான். சிக்கசா என்ற பூர்வகுடியின் தலைவன் ஒருவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த சாம் ஃபாதர்ஸ் அவனுக்குக் காட்டைக் கற்றுத்தருகிறார். துப்பாக்கி இருக்கும்வரை கரடி கண்ணில் படாது என்கிறார். சிறுவன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான், அப்போதும் கரடி வரவில்லை. கையிலிருக்கும் கடிகாரமும் திசைமானியும் இன்னும் தன்னை வெளியுலகத்தோடு கட்டியிருப்பதை அவனே உணர்ந்து, இரண்டையும் ஒரு புதரில் மாட்டிவிட்டு உள்ளே நடக்கிறான். வழி தவறுகிறான். ஈரத் தரையில் அப்போதுதான் பதிந்த காலடித் தடங்கள், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நீர் ஊறி நிரம்புகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து போனால், மாட்டிவைத்த கடிகாரம் மின்னும் புதருக்கே அவை கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கே கரடி நிற்கிறது.

கைபடாத நிலத்தைப் பற்றி அமெரிக்கப் புனைவில் இதைவிட அழகான பக்கங்களை நான் வாசித்ததில்லை. ஃபாக்னர் இங்கேயே நிறுத்தியிருந்தால் அவரும் ஏக்கத்தின் கவிஞராகவே நின்றிருப்பார். ஆனால் கதையின் நான்காம் பகுதியில் அவர் அதே சிறுவனைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து, குடும்பத் தோட்டத்தின் பண்டகசாலையில் பழைய கணக்கேடுகளின் முன் உட்கார வைக்கிறார். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. மாவு, வெல்லப்பாகு, கலப்பைக் கொழு என்று வரவுசெலவு எழுதியிருக்கும் அதே ஏட்டில் அடிமைகளும் எழுதப்பட்டிருக்கிறார்கள். யூனிஸ் என்ற பெண் 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கப்பட்டவள். 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கி இறந்தாள். அடுத்த வரியில் இன்னொரு கையெழுத்து, அவள் தானாகவே மூழ்கினாள் என்கிறது. அதற்கடுத்த கையெழுத்து, அடிமை ஒருத்தி தற்கொலை செய்துகொள்வாளா என்று வியக்கிறது. அவள் மகள் டோமி 1833 ஜூனில் பிரசவத்தில் இறக்கிறாள்.

தேதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் சிறுவனுக்கு உண்மை புலப்படுகிறது. யூனிஸின் மகள் டோமிக்குத் தகப்பன் தன் தாத்தாவே. அந்த மகளிடமே பிள்ளை பெற்றவரும் அவரே. அது தெரிந்த பிறகுதான் அந்தத் தாய் குளிர்ந்த ஓடைக்குள் நடந்து போனாள். தாத்தா உயிலில் அந்தப் பேரப்பிள்ளையான மகனுக்கு 1000 டாலர் எழுதிவைத்திருக்கிறார். மகன் என்று அழைப்பதைவிட அந்தத் தொகை அவருக்கு மலிவாக இருந்திருக்கிறது என்று ஐக் எண்ணுகிறான்.

காட்டையும் கணக்கேட்டையும் ஒரே கதையில், ஒரே சிறுவனின் கல்வியாக, அடுத்தடுத்து வைத்ததுதான் ஃபாக்னரின் சாதனை. காடு அவனுக்குக் கற்றுத்தந்த பார்வையோடுதான் அவன் அந்த ஏட்டை வாசிக்கிறான். ஆகவே அந்தக் காட்டை இனி வெறும் இழந்த சொர்க்கமாக நினைத்து யாரும் வருந்த முடியாது. நிலத்தோடு சேர்ந்து என்ன இழக்கப்பட்டது, அதை இழக்கச் செய்தவர் பெயர் என்ன, விலை எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

---

நீரோட்டம் எழுதியது:

தொடுவானம் அவர்களுக்கு வணக்கம். கணக்கேட்டுப் பகுதியை நீங்கள் விவரித்த விதம் மனத்தைத் தொட்டது. ஆனால் ஐக் அதன் பிறகு என்ன செய்கிறான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இருபத்தொரு வயதில் தன் பங்கு நிலம் முழுவதையும் உறவினனிடம் விட்டுவிட்டுத் தச்சனாகப் போய்விடுகிறான். நிலத்தை எவரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, அதை விற்கத் துணிந்த சிக்கசா தலைவனுக்கே விற்ற கணத்தில் அது சொந்தமில்லாமல் போயிற்று என்று வாதாடுகிறான். கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. அந்த நிலத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? உரிமையாளர் மாறினார், அவ்வளவே.

அதே நூலில் அடுத்து வரும் 'டெல்டாவின் இலையுதிர்காலம்' கதையில் ஐக் எண்பதை நெருங்கும் கிழவர். காடு சுருங்கிவிட்டது. வேட்டைக்கு இருநூறு மைல் காரில் போக வேண்டியிருக்கிறது. கூடாரத்தில் படுத்திருக்கும் அவரிடம் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வருகிறாள். குழந்தையின் தகப்பன் அவருடைய உறவினன். பேசப் பேசத்தான் அவள் கறுப்பின மரபினள் என்பதும், அந்தக் கணக்கேட்டுக் கிளையின் வழியில் தன் சொந்த இரத்தம் என்பதும் கிழவருக்குத் தெரிகிறது. அவர் பதறிப்போய்ப் பணத்தைக் கொடுக்கிறார், பழைய வேட்டைக் கொம்பைக் கொடுக்கிறார், உன் இனத்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விடு என்கிறார். அன்பைப் பற்றி அறிந்தது, உணர்ந்தது, கேள்விப்பட்டது எதுவுமே உமக்கு நினைவில்லையா என்று அவள் கேட்டுவிட்டுப் போகிறாள். தாத்தாவின் 1000 டாலரைப் பேரனும் மறுபடி கொடுத்திருக்கிறான். தூய நிலத்தின் மீது வைத்த பக்தி, எதிரில் நிற்கும் மனுஷியைப் பார்க்கப் போதவில்லை என்பதை ஃபாக்னர் எவ்வளவு இரக்கமில்லாமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலத்தைக் கன்னியாகவும் தாயாகவும் வருணிக்கும் வழக்கத்தை ஆய்வாளர் ஆனெட் கொலாட்னி 1975லேயே விரிவாக ஆராய்ந்துவிட்டார். அந்த வருணனை ஆண்களுடைய ஆசையின் மொழி. அடிமைப்பட்ட பெண்ணொருத்தி அதே நிலத்தை எப்படி நினைவுகூர்வாள் என்பதை டோனி மாரிசன் 1987இல் 'பிலவட்' நாவலில் எழுதினார். கெண்டக்கியில் தான் அடிமையாக இருந்த பண்ணையை நினைக்கும்போது, சேத்தியின் கண்முன் முதலில் வருபவை அதன் அழகான மரங்கள். அந்த மரங்களில் தூக்கிலிடப்பட்ட பையன்களைக் காட்டிலும் மரங்களின் அழகு முந்திக்கொண்டு வருவதற்காகத் தன் நினைவையே அவளால் மன்னிக்க முடியவில்லை. நிக் கடற்கரையில் மரங்களைக் காண்பதையும், சேத்தி மரங்களைக் காண்பதையும் அருகருகே வைத்து வாசித்தால், நீங்கள் எழுப்பிய கேள்வி முழு வடிவம் பெறும்.

---

வழிப்போக்கர் எழுதியது:

இதுவரை எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். நிலத்தின் தூய்மை கற்பனை என்றால், அதன் மேல் நின்ற இலட்சியமும் கற்பனைதானா? உழுபவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம், யாருக்கும் தலைவணங்காத வாழ்வு என்ற ஆசை பொய்யானதாகத் தெரியவில்லை. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் கொடுத்தபோது, ஐரோப்பாவில் குத்தகைக்காரராக நசுங்கிய இலட்சக்கணக்கானவர்களுக்கு அது உண்மையான விடுதலையாகத்தானே இருந்திருக்கும்?

---

கல்மரம் எழுதியது:

வழிப்போக்கர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த விடுதலை உண்மையானதுதான். ஷிமெர்டாவின் மகள் ஆன்டோனியாவின் தோட்டத்தையும் பிள்ளைகளையும் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 160 ஏக்கர் எங்கிருந்து வந்தது என்பதும் உண்மை. 1887இல் வந்த டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. அப்போது அவர்களிடம் சுமார் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது சுமார் 4.8 கோடி ஏக்கர் எஞ்சியது. சிறு விவசாயியே குடியரசின் முதுகெலும்பு என்று எழுதிய ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். இலட்சியம் பின்னாளில் கறைபட்டது என்று சொல்வதற்கில்லை. தொடங்கிய நாளிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில் தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். எல்லைப்புறம் என்று கோடு போட இனி இடமில்லை என்று 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு சொன்னதிலிருந்தே அவர் தொடங்குகிறார். காலி நிலம் தீர்ந்துவிட்டது, அமெரிக்க வரலாற்றின் முதல் காலகட்டம் முடிந்தது என்பது அவர் முடிவு. அதே 1890 டிசம்பர் 29 அன்றுதான் தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் லகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் பெண்களும் குழந்தைகளுமாகச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பின்வந்த நாவல்களின் ஏக்கத்துக்கு டர்னரின் உரை ஒரு மொழியைக் கொடுத்தது. டிசம்பர் 29க்கு அந்த மொழியில் இடமில்லை.

பூர்வகுடி எழுத்தாளர் ஒருவர் இதே பொருளை எடுத்தால் என்ன நடக்கிறது என்பதற்கு லெஸ்லி மார்மன் சில்கோவின் 'செரிமனி' நல்ல சான்று. அது 1977இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் உடைந்துபோய்த் திரும்பும் டேயோவின் ஊர், நியூ மெக்சிகோவில் லகுனா பூர்வகுடிகளின் நிலம். அங்கே நிலம் கைபடாததாக ஒருபோதும் இருந்ததில்லை, கதை படாத பாறைகூட இல்லை. நாவலின் உச்சம் நடப்பது கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கத்தில். லகுனா நிலத்திலேயே 1953 முதல் 1982 வரை ஜாக்பைல் என்ற மாபெரும் திறந்தவெளி யுரேனியச் சுரங்கம் இயங்கியது. அணுகுண்டு முதன்முதலில் சோதிக்கப்பட்டதும் அதே மாநிலத்தில்தான். அந்தச் சுரங்கத்தில் நிற்கும் டேயோ இழந்த தூய்மையைத் தேடவில்லை. சாம்பல்நிறக் கல்லில் ஓடும் மஞ்சள் தாதுக்கோடுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, அவையும் இந்த மலையிலிருந்து வந்தவையே, அழகானவையே, அவற்றை வைத்துச் செய்யப்பட்டதே கொடியது என்று புரிந்துகொள்கிறான். கெட்டுப்போன நிலத்தை அவன் கைவிடுவதில்லை. கூப்பரின் நேட்டியால் முடியாதது இதுதான். ஓரிடம் கெட்டால் அவன் மேற்கே நடந்துவிடுவான்.

---

செம்புல் எழுதியது:

கல்மரம் அவர்கள் கடைசியாகச் சொன்னதையொட்டி ஒரு தகவல். நெப்ராஸ்காவில் கேதரின் ஊரான ரெட் கிளவுடுக்குத் தெற்கே, அவர் பெயரில் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி பாதுகாக்கப்படுகிறது. கலப்பை படாத நிலம் என்பதே அதன் பெருமை. ஆனால் அதைச் சும்மா விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் செந்தேவதாரு மரங்கள் மூடிவிடும். மரங்களை வெட்டி, முறைவைத்துத் தீமூட்டி, மேய்ச்சலை ஒழுங்குபடுத்தித்தான் அதைப் புல்வெளியாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சமவெளியைப் பல நூற்றாண்டுகளாகத் தீயால் பராமரித்தவர்கள் பூர்வகுடிகள். கேதர் கண்ட செம்புல் கடலே மனிதக் கையின் வேலை. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடம் என்று வனாந்தரத்துக்கு இலக்கணம் வகுத்தது. அந்த இலக்கணத்தை எழுதியவர்களுக்கும் நிக்குக்கும் ஒரே கண்தான் இருந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இருந்தும், ஏக்கம் முழுவதையும் குற்றமாக்கிவிட எனக்கு மனமில்லை. புறாவுக்காக நேட்டி பட்ட கோபம் உண்மையானது. அந்தக் கோபம் இல்லாமல் ஒரு மரம்கூட மிஞ்சியிருக்காது.

---

தொடுவானம் எழுதியது:

நானும் ஏக்கத்தைக் குற்றமென்று சொல்ல வரவில்லை, செம்புல் அவர்களே. ஏக்கம் எந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வருகிறது என்பதுதான் என் கவலை. இது உருவகப் பேச்சும் அல்ல. 'கரடி' 1942 மே மாதத்தில், நூல் வெளிவந்த அதே வாரங்களில், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழிலும் சுருக்கமான வடிவில் வந்தது. அந்த வடிவத்தில் கணக்கேட்டுப் பகுதி இல்லை. 1955இல் ஃபாக்னர் தம் வேட்டைக் கதைகளைத் தொகுத்து 'பிக் உட்ஸ்' என்று வெளியிட்டபோதும் நான்காம் பகுதியை நீக்கியே சேர்த்தார். அப்படி நீக்கினால் கதை ஒழுங்காக, அழகாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடுகிறது. சிறுவன், நாய், கரடி, மரம் வெட்டும் கம்பெனி, அழியும் காடு. யூனிஸ் இல்லை, டோமி இல்லை, 650 டாலர் இல்லை. அமெரிக்கப் பசுமையின் கதை தூய்மையாவதற்கு எந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது என்பது இங்கே அச்சிலேயே தெரிகிறது.

அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டு ஃபாக்னரை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தொகுப்புகளில் தனியாகக் கிடைக்கும் 'கரடி'யோடு நின்றுவிடாமல், 'கோ டவுன், மோசஸ்' நூலை முதல் கதையிலிருந்து வரிசையாகப் படியுங்கள். நான்காம் பகுதியில் ஒரே வாக்கியம் பக்கக்கணக்கில் நீளும், நிறுத்தற்குறிகள் கைகொடுக்காது. பொறுமையோடு கடந்துவிட்டு 'டெல்டாவின் இலையுதிர்காலம்' வரை போங்கள். நீரோட்டம் அவர்கள் குறிப்பிட்ட அந்தப் பெண் கிழவரிடம் கேட்பதைப் படித்த பிறகு, கரடியின் காலடியில் நீர் ஊறும் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அது உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று இங்கே எழுதுங்கள். எனக்கு அதன் அழகு கொஞ்சமும் குறையவில்லை. உங்களுக்கும் அப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன்.